அரை மில்லிமீட்டர் பிடிவாதம்

வெல்டிங் செய்து சேர்க்கும் தகட்டுச் சாமான்களுக்கு விலைப்புள்ளி கேட்கும்போது, "எல்லா அளவுகளும் ±0.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறோம். அந்த வரியால் சாமானின் தரம் கூடுவதில்லை. ஒழுங்காக வேலை செய்யும் சின்னப் பட்டறைக்காரருக்கு நஷ்டமும், காகிதத்தில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு லாபமும்தான் கிடைக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு அதற்குப் பதில் நாலு உருப்படியான நிபந்தனைகளை எழுத வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். கீழே தபால் பெட்டி வைக்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவாயிற்று. ஒரு வரிசைக்கு ஆறு பெட்டி, நாலு வரிசை. 20 கேஜ் தகட்டை வளைத்துப் பெட்டியாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெல்டிங் அடித்து, வெளியே ஒரு சட்டம் போட்டு, முன்னால் கதவு மாட்டுவார்கள். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கும் எந்தச் சின்னப் பட்டறையும் செய்யக்கூடிய வேலைதான். அதற்கான வரைவில்தான் மேற்படி வரி இருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். "எல்லா டெண்டரிலும் இருக்குமே சார்" என்றார்கள். உண்மைதான். கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருந்த காலத்தில் அந்த வரி பழைய கோப்பிலிருந்து புதிய கோப்புக்குக் குடிபெயர்வதைப் பல வருஷம் பார்த்தவன் நான். பிறந்த ஊர் எது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கும் ஒரு வர்க்கமூலமும்தான்.

ஒவ்வொரு பெட்டியும் 250 மி.மீ. அகலம். ஆறு சேர்ந்தால் 1500. தகடு வளைக்கும்போது ஒவ்வொரு பெட்டியிலும் அரை மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆறையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு பிசகும்?

ஒரு சாரார், ஆறு அரை மூன்று, ஆகவே ±3 மி.மீ. என்பார்கள். ஆறு பெட்டியும் ஒரே சமயத்தில் உச்ச அளவுக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால்தான் இது நடக்கும். நடக்காது என்றில்லை, அபூர்வம். இன்னொரு சாரார், ஒன்று கூடினால் இன்னொன்று குறையும், ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும் என்பார்கள். அவர்கள் ஒவ்வொரு பிசகையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, அதற்கு வர்க்கமூலம் எடுப்பார்கள். அரையை 6-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் சுமார் 1.2. அதாவது ±1.2 மி.மீ. முதல் கணக்குப்படி செய்தால் சாமான் விலை ஏறும். இரண்டாவது கணக்கு சிக்கனமானது, படித்த பொறியாளர்களுக்குப் பிடித்தது.

ஆனால் வெல்டிங் விஷயத்தில் இரண்டாவது கணக்கை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். காரணத்தை நம் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ஒரு பிரிவில் ஆறு குமாஸ்தாக்கள். ஒருவர் ஐந்து நிமிஷம் முன்னால் வருவார், ஒருவர் பின்னால் வருவார். ஆறு பேரும் ஒரே நாளில் தாமதமாக வருவது அபூர்வம். வர்க்கமூலக் கணக்கு சொல்வது இதைத்தான். ஆனால் காலையில் கொட்டோ கொட்டென்று மழை பெய்தால்? ஆறு பேரும் தாமதம்தான். அன்றைக்கு ஒருவர் தாமதத்தை இன்னொருவர் சரிக்கட்ட மாட்டார்.

தகட்டு வேலையில் அந்த மழைதான் வெல்டிங். உருகின உலோகம் ஆறும்போது சுருங்கும், இரண்டு பக்கத்துத் தகட்டையும் தன் பக்கம் இழுக்கும். ஒவ்வொரு இணைப்பும் இழுக்கும். ஒன்றாவது தள்ளிக் கொடுக்காது. பட்டறைத் தம்பிகள் இதை இரண்டே வார்த்தையில் சொல்வார்கள்: "வெல்டு இழுக்கும்."

ஒரு இணைப்புக்கு 0.3 மி.மீ. இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பெட்டிக்கு நடுவே ஐந்து இணைப்பு. 1.5 மி.மீ. போயிற்று. பெட்டிகள் அத்தனையும் துல்லியமாக 250 இருந்தாலும் மொத்தம் 1498.5-தான் வரும். அதோடு வளைவுப் பிசகு ±1.2 சேர்ந்தால் 1497.3-இலிருந்து 1499.7 வரை எங்கேயோ நிற்கும். நாம் கேட்டது 1499.5-இலிருந்து 1500.5. பத்து அடுக்கு செய்தால் ஒன்று தேறுவதே அதிர்ஷ்டம். அந்தத் தம்பி எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இதுதான் கதி.

இப்போது பாருங்கள், இதற்கு வைத்தியம் புது மெஷின் வாங்குவதில் இல்லை. ஒரே திசையில் போகிற பிசகு வேறு, அங்கும் இங்கும் அலைகிற பிசகு வேறு. இரண்டையும் ஒரே பையில் போடக்கூடாது. திசை தெரிந்ததை முன்கூட்டியே ஈடுகட்டலாம். ஒவ்வொரு பெட்டியையும் 250-க்குப் பதில் 250.25 ஆக வளைக்கச் சொன்னால் ஆறுக்கு 1.5 கூடுகிறது. வெல்டு இழுக்கிற 1.5-க்கு அது சரியாகப் போயிற்று. காசு செலவு கிடையாது. அலைகிற பிசகுக்கு மட்டும் வர்க்கமூலக் கணக்குப் போடலாம். அதிலும் அனுபவசாலிகள் வந்த விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வார்கள், நிஜ உலகம் கணக்குப் புத்தகம் மாதிரி நடக்காது என்பதால். ஆக ±1.8. சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே அந்த இடத்தை விட்டு, மேலே ஒரு மூடுபட்டி வைத்துவிட்டால் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியப்போவதே இல்லை.

0.3 என்பது நான் உதாரணத்துக்குச் சொன்னது. தகட்டின் கனம், வெல்டிங் அடிக்கும் நீளம், அடிக்கிற கை, மெஷினில் வைக்கிற ஆம்பியர் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். கண்டுபிடிப்பது சுலபம். அதே தகட்டில் இரண்டு துண்டு வெட்டி, இணைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி, நடு தூரத்தை வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அதே ஆள் அதே மாதிரி வெல்டிங் அடிக்கட்டும். ஆறினதும் மறுபடி அளக்க வேண்டும். மூன்று தடவை செய்தால் போதும். அரை மணி நேர வேலை. இந்த அரை மணி நேரத்தை எந்த டெண்டரும் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

சரி, அந்த ±0.5 நியாயமான எண்தானா? வெல்டிங் செய்த கட்டுமானங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 13920 என்று ஓர் உலகத் தர நிர்ணயம் இருக்கிறது. நீள அளவுகளுக்கு அதில் நாலு வகுப்பு. அதில் மிக நுணுக்கமான 'ஏ' வகுப்பிலேயே, ஒரு மீட்டருக்கு மேல் இரண்டு மீட்டர் வரையுள்ள அளவுக்கு ±3 மி.மீ. அனுமதி. நாம் கேட்பது அதைவிட ஆறு மடங்கு இறுக்கம். தனிப் பாகங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 2768 என்று வேறொன்று உண்டு. அதன்படி 250 மி.மீ. பெட்டிக்கு நடுத்தர வகுப்பில் ±0.5. ஆக வளைத்த ஒற்றைப் பெட்டிக்கு அரை மில்லிமீட்டர் கேட்பது நியாயம். ஆறைச் சேர்த்து வெல்டிங் அடித்த பிறகும் அதே அரையைக் கேட்பதுதான் அநியாயம். ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி என்றால் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு டம்ளர் என்கிற மாதிரி.

இன்னொன்று. இந்த அரை மில்லிமீட்டரை யார் எதை வைத்து அளக்கப்போகிறார்கள்? ஆய்வுக்கு வருகிறவர் சட்டைப் பையிலிருந்து எடுப்பது ஒரு டேப். 'இரண்டாம் வகுப்பு' என்று முத்திரை உள்ள நல்ல டேப்புக்கே இரண்டு மீட்டரில் 0.7 மி.மீ. வரை பிசகு அனுமதி உண்டு. அளக்கிற கோலே 0.7 தப்பலாம், அளக்கப்படுகிற பெட்டி 0.5 தப்பக்கூடாது!

பள்ளிக்கூடத்தில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்த விஷயத்தில் அந்த மொழிக்காரர்களின் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கும். இரண்டு பாகங்களுக்கு நடுவே விடும் இடைவெளியை அவர்கள் 'ழே' என்பார்கள். விளையாட்டுக்கும் அதே சொல்தான். நம் பட்டறையிலும் "கொஞ்சம் பிளே இருக்கட்டும்" என்று சொல்கிறோமே, அதே எண்ணம். அவர்களுடைய தொழிற்பள்ளிகளில் 'ஷேன் த கோத்' என்று ஒரு பாடம், அளவுச் சங்கிலி என்று தமிழில் சொல்லலாம். அதில் பாகங்களிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். கடைசியில் எந்த இடைவெளி வேண்டும் என்று முதலில் குறிப்பார்கள். அந்த இடைவெளியின் ஒரு முனையில் புறப்பட்டு, பாகம் பாகமாகத் தாண்டி, மறுமுனைக்கு வந்து சேர்வார்கள். அந்தப் பாதையில் எந்தெந்த அளவு வருகிறதோ அதற்கு மட்டும்தான் இறுக்கம். பாதையில் வராத அளவு எப்படிப் போனாலும் கவலையில்லை. நம் டெண்டரோ தலைகீழ். எல்லா அளவையும் இறுக்கிக் கட்டிவிட்டு, கதவு மூடுகிறதா என்று கேட்கவே மறந்துவிடுகிறது.

தபால் பெட்டியில் நமக்கு வேண்டிய இடைவெளி கதவுக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவே இருப்பது. அதை 2 மி.மீ. என்று வையுங்கள். அதை என்னென்ன தின்னும்? மேலே அடிக்கிற பவுடர் கோட்டிங் பொதுவாக 60-லிருந்து 80 மைக்ரான் கனம். கதவு விளிம்பில் ஒன்று, சட்ட விளிம்பில் ஒன்று, ஆக சுமார் 0.15 மி.மீ. அடுத்தது சாய்வு. இதுதான் பெரிய எதிரி.

1500 அகலம், 1000 உயரம் உள்ள சட்டம் வெல்டிங் இழுப்பில் மேலே 3 மி.மீ. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கத்தையும் டேப் வைத்து அளந்தால் நாலும் சரியாக இருக்கும்! ±0.5 நிபந்தனையில் அமர்க்களமாகத் தேறிவிடும். ஆனால் மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 5 மி.மீ. வித்தியாசம் தெரியும். சாதா டேப்பே காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சாய்வினால் 250 மி.மீ. கதவின் கைப்பிடிப் பக்கம் 0.75 மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். 2-இல் 0.75 போய், 0.15 போய், 1.1 மி.மீ. மிச்சம். கதவு தேயாது. ஆக அந்த 2 மி.மீ. சந்து பட்டறைக்காரரின் அசட்டை இல்லை, கணக்குப் பார்த்து விட்ட இடம். அழகுக்காக அதை ஒன்றாகக் குறைத்தால் மழைக்காலத்தில் கொஞ்சம் துரு ஏறினதும் கதவைக் காலால் உதைத்துத் திறக்க வேண்டியதுதான்.

என் சர்வீஸில் இரண்டு கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அலுவலகப் பெயர் வேண்டாம். ஒன்றில், ஒரு சின்னப் பட்டறை செய்து கொடுத்த இரும்பு அலமாரிகள். கதவெல்லாம் ஒரு விரலால் தள்ளினால் மூடும். ஆனால் அகலம் 2 மி.மீ. குறைவு என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். வண்டிச் சத்தம் அவர் தலையில். கடிதப் போக்குவரத்து முடிந்து பில் பாஸாவதற்குள் அவர் தன் வளைக்கும் மெஷினை விற்றுவிட்டார். இரண்டாவது கோப்பில், வேறு ஒரு ஒப்பந்ததாரர் ஒவ்வொரு அளவுக்கும் நேராக 'சரி' என்று டைப் அடித்த அழகான ஆய்வுச் சான்றிதழை இணைத்திருந்தார். மறுநாளே பாஸ். ஆறு மாதத்தில் பாதிக் கதவு சட்டத்தில் தேய்ந்து பெயின்ட் உரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் நிபந்தனை ஒன்றே. அந்த நிபந்தனை யாரைத் தண்டித்தது, யாரைக் காப்பாற்றியது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"நிபந்தனையைத் தளர்த்தினால் ஏமாற்றுவார்களே" என்று சங்கத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் தளர்த்தச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். எவராலும் அளக்க முடியாத எண்தான் ஏமாற்றுக்காரருக்குச் சௌகரியம், சான்றிதழில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எல்லார் கண் முன்னாலும் அளக்கக்கூடிய எண்ணை எழுதினால் அவரால் தப்ப முடியாது.

"எந்தப் பாகத்தை எதில் போட்டாலும் பொருந்த வேண்டாமா?" என்றார் இன்னொருவர். அதற்கும் ஒரு பழைய கதை உண்டு. பிரான்சில் ஒனோரே பிளான் என்று ஒரு துப்பாக்கித் தொழில் நிபுணர். 1785-இல், அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்கு முன்னால் ஐம்பது துப்பாக்கிகளின் விசைப் பொறிகளைக் கழற்றிப் பாகம் பாகமாகப் பிரித்து வைத்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார், அத்தனையும் பொருந்தின. பெரிய சாதனை. ஆனால் போர்க்களத்தில் உடைந்த பாகத்தை அங்கேயே மாற்ற வேண்டும் என்கிற அவசியம் அதற்குப் பின்னால் இருந்தது. நம் தபால் பெட்டியில் மாற்றப்போவது பூட்டும் கீலும்தான். இரண்டும் கடையில் வாங்குகிற சரக்கு, அவை ஒரே மாதிரி இருந்தால் போதும். மூன்றாம் நம்பர் கதவைக் கழற்றிப் பதினேழாம் நம்பரில் மாட்ட எந்த வீட்டுக்காரரும் கேட்கப்போவதில்லை. வேண்டாத பொருத்தத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

ஆகவே, வீட்டுக் கிராதியோ, கேட்டோ, அலமாரியோ, தபால் பெட்டியோ, இனி யாராவது நிபந்தனை எழுதும்போது என் யோசனை இதுதான்.

ஒன்று, வளைத்த தனிப் பாகத்துக்கு ஒரு அளவு வரம்பு, வெல்டிங் முடிந்த முழுச் சாமானுக்கு வேறு வரம்பு. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. மொத்த அகலத்துக்கு ±2 கொடுத்து மூடுபட்டி போடச் சொல்லலாம்.

இரண்டு, வெல்டிங் ஆறினபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். நம் தபால் பெட்டி அளவுக்கு வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பட்டறையில் நம் ஆள் முன்னால் அளக்கட்டும்.

மூன்று, கதவும் கீலும் கடைசியில், மூலைவிட்டம் பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். கீலுக்குப் போடும் துளை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கட்டும். கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சரிசெய்ய அதுதான் இடம்.

நான்கு, கதவைச் சுற்றியுள்ள சந்து பவுடர் கோட்டிங் அடித்த பிறகு எந்த இடத்திலும் 1 மி.மீ.க்குக் குறையக்கூடாது. 1 மி.மீ. தகட்டுத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு சுற்றி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சாமானைக் கொண்டுவந்து இறக்கி, தரையில் நிறுத்திய பிறகும் அதே சோதனை. 24 கதவும் விரலால் தள்ளினால் மூட வேண்டும்.

இந்த நாலையும் பரிசோதிக்க ஒரு டேப்பும் ஒரு தகட்டுத் துண்டும் ஒரு விரலும் போதும். பொறியாளர் பட்டம் வேண்டாம். சங்கத்தில் வரைவை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன், அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. மூன்று பட்டறைக்காரர்களிடம் காட்டினேன். இரண்டு பேர் சொன்ன விலை பழைய வரைவுக்குச் சொன்னதைவிடக் குறைவு. மூன்றாமவர் விலையைக் குறைக்கவில்லை. ஆனால் பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை எழுதினவரு பட்டறையில வேலை பாத்தவரா ஐயா?" என்று கேட்டார். குமாஸ்தா என்றேன். நம்பவில்லை.